முன்கண்ணாடிக்குப் பின்னால் காற்று இல்லை

சைக்கிள் பந்தயத்தில் மோட்டார் ஓட்டிப் பிழைத்தவன் நான். இதை எங்கே சொன்னாலும் எதிரில் இருப்பவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்போ ஒவ்வொரு தடவையும் நீங்கதானே முதல்ல வந்திருப்பீங்க?" என்று கேட்பார். ஆமாம், பெரும்பாலும் முதலில்தான் வந்தேன். மாலை மட்டும் யாரும் போட்டதில்லை.

நீங்கள் சிலர் இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் சாவியைக் கையில் கொடுத்து, பின்னிருக்கையில் ஓர் ஒளிப்பதிவாளரை ஏற்றி, பந்தயத்துக்கு முன்னால் அனுப்பிவிடுகிறார்கள். டயர், பிரேக், எண்ணெய் பற்றியெல்லாம் சொல்லித் தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. ஆள் இல்லாவிட்டாலும் இணையம் இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு பந்தயத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானில் புறப்பட்டு கெமாஸில் முடிந்த பந்தயம். அதில் நான் மோட்டாரைக் கீழே போட்டேன், டிவி இயக்குநரிடம் திட்டு வாங்கினேன், நடுவரிடம் எச்சரிக்கை வாங்கினேன். ஆனாலும் என் வேலையில் நான் ஓரளவு நன்றாகச் செய்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முதலில் மோட்டாரைச் சொல்ல வேண்டும். நெடுந்தூரம் வேகமாகவும் போக வேண்டும், போய் இறங்கும்போது நிமிர்ந்தும் நிற்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகச் செய்த பெரிய வகை அது. பந்தய மோட்டாரின் நெஞ்சும் சாய்வு நாற்காலியின் முதுகும் ஒரே உடம்பில். ஆயிரத்து இருநூறு சிசிக்கு மேல். கைப்பிடியைக் கொஞ்சம் திருகினால் லாரி, பஸ், வீட்டுக் கவலை மூன்றும் பின்னால் போய்விடும். இரண்டு பக்கமும் பெட்டி. பின்னிருக்கை அகலத்தில் சில வீடுகளின் சோபாவுக்குச் சமம். கைப்பிடி சூடேறும், இருக்கையும் சூடேறும். நெகிரி செம்பிலான் வெயிலில் இருக்கையைச் சூடாக்க ஒரு பொத்தான்! பனி பெய்யும் ஊரில் உட்கார்ந்து யாரோ அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள். என் ஒளிப்பதிவாளன் காதர் ஒரு தடவை அந்தப் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டு, குவாலா பிலா வரைக்கும் "அண்ணே, எனக்குக் காய்ச்சல் அடிக்குதுன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலானது முன்கண்ணாடி. இடது கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தில் ஏறும், இறங்கும். முழுதாக ஏற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் பறக்கும்போதுகூட ஹெல்மெட்டுக்குள் நாம் முணுமுணுக்கும் பாட்டு நமக்கே கேட்கும். என் பாட்டை நானே கேட்க நேர்வது ஒன்றுதான் அதில் குறை.

இத்தனை திறன் உள்ள மோட்டாரை வைத்துக்கொண்டு நம் வேலையில் என்ன செய்கிறோம்? மெதுவாகப் போகிறோம். ஏற்றத்தில் சைக்கிள்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற வேகத்தில், யானையைக் கயிற்றின் மேல் நடத்துவதுபோல நடத்துகிறோம். எஞ்சின் சூடு இரண்டு கெண்டைக்காலையும் வறுக்கும். அடுத்த நிமிடம் இறக்கத்தில் அவர்கள் கல் உருள்வதுபோல உருண்டு வருவார்கள். நாம் அவர்களுக்கு முன்னால் வளைவு வளைவாக ஓடித் தப்ப வேண்டும். பின்னால் ஒருவன் இடுப்பை முறுக்கி, திரும்பி, ஒரு கையில் காமெராவும் மறு கையில் என் தோளுமாக நிற்பான். அவன் விழாமல் இருக்க வேண்டும். படமும் ஆடக் கூடாது. மோட்டார் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் சொல்லும் சௌகரியம் இதுவல்ல என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

காதர் மம்பாவ்காரன். அங்கே அவன் அத்தாவுக்குச் சாப்பாட்டுக் கடை. ஆளைப் பார்த்தாலே கடையின் விளம்பரப் பலகை மாதிரி இருப்பான். எனக்கும் அவனுக்கும் பேச்சு குறைவு. ஓடும்போது என் காதில் பந்தய வானொலி, அவன் காதில் ஒளிபரப்பு வண்டியில் உட்கார்ந்திருக்கும் இயக்குநர். ஆகவே எங்கள் மொழி தோளில் இருந்தது. இடது தோளில் தட்டினால் சைக்கிளுக்குக் கிட்டப் போக வேண்டும். வலது தோளில் தட்டினால் விலக வேண்டும். ஹெல்மெட் மேல் தட்டினால் நிறுத்த வேண்டும். பழைய பாட்டுகளில் தலைவன் தேர்ப்பாகனைப் பார்த்து 'விரைந்து ஓட்டு' என்று ஒரு தடவை சொல்வான், அவ்வளவுதான். பாகனின் இடது தோளில் ஊர் போய்ச் சேரும் வரை தட்டிக்கொண்டே வந்ததாக எந்தப் பாட்டிலும் நான் படித்ததில்லை. என் இடது தோள் இன்றைக்கும் வலது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்துதான் இருக்கிறது. தையல்காரர் மட்டும் கண்டுபிடிப்பார்.

அன்று காலை புறப்படும் இடத்தில் டேனியல் வந்து பேசினான். செனாவாங் பையன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மற்ற நேரமெல்லாம் சைக்கிள். எனக்கு அவனை உள்ளூர்ப் பந்தயங்களில் பழக்கம்.

"அண்ணே, இன்னிக்கு முன்னாடி மோட்டார் நீங்கதானா?"

"ஆமா."

"நல்லதுலா. தெரிஞ்ச முகம்."

"ஹெல்மெட் போட்டா முகம் எங்கடா தெரியும்?"

"முதுகு தெரியும்ல. ஒங்க முதுகு பெருசுண்ணே."

அவன் அதை மரியாதையாகத்தான் சொன்னான். காதர் குடித்துக்கொண்டிருந்த தே தாரேக் டீ அவன் மூக்கு வழியாக வந்தது.

டேனியல் அன்று சிரித்துக்கொண்டே இருந்தாலும் உதடு காய்ந்திருந்தது. காரணத்தையும் அவனே சொன்னான். மாநில அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் யார் முதலில் வந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு கெமாஸில் கோட்டைத் தாண்டும் முதல் நெகிரி செம்பிலான்காரன் யாரோ அவனுக்குத்தான் அந்த இடம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். கிடைத்தால் இனிமேல் சைக்கிள்தான் வேலை. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஷிப்ட்.

"சூப்பர்வைசர் கண்டிப்பா சொல்லிட்டாருண்ணே. சைக்கிளுக்கு இதான் கடைசி லீவுன்னு."

"பயமா இருக்கா?"

"பயமில்ல. அம்மா வீட்டுல டிவி முன்னாடி உக்காந்துட்டாங்க. அதான் பயம்."

பந்தயம் புறப்பட்டது. புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் நாலைந்து பேர் கூட்டத்தைப் பிரிந்து முன்னால் வந்தார்கள். அதில் டேனியலும் ஒருவன். ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் நான் கிட்டவே இருந்தேன். காதர் அவர்களின் வியர்வையைத் துளித் துளியாகப் படம் பிடித்தான். குவாலா பிலா தாண்டி, பஹாவ் தாண்டி வெயில் ஏற ஏற அந்த நாலைந்து பேரில் ஒவ்வொருவராகக் கழன்று பின்னால் போனார்கள். கடைசியில் முன்னால் டேனியல் ஒருவன்தான். அவனுக்கு முன்னால் நானும் காதரும். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. சாலை கெமாஸை நோக்கி நேராகக் கிடந்தது.

சைக்கிள்காரனுக்குப் பெரிய எதிரி மேடு என்று நினைப்பீர்கள். இல்லை, காற்று. முன்னால் பெரிய உடம்பு ஒன்று போனால் அதன் பின்னால் காற்றில்லாத குழி ஒன்று விழும். அந்தக் குழிக்குள் புகுந்துவிட்டால் சைக்கிள் பாதி தானாகவே வரும். இன்னொரு சைக்கிள் அந்தக் குழியைக் கொடுத்தால் அது தந்திரம். மோட்டார் கொடுத்தால் குற்றம். இதில் விசேஷம் என்னவென்றால் குற்றம் மோட்டாருடையது, தண்டனை சைக்கிளுக்கு. நடுவர் பார்த்துவிட்டால் அவனைப் பட்டியலின் வாலில் கொண்டுபோய்ப் போடுவார், அல்லது பட்டியலிலேயே வைக்கமாட்டார். இது எனக்குத் தெரியாததல்ல. நம் வேலையின் அரிச்சுவடியே அதுதான்.

ஆனால் அந்த நேரத்தில் நான் மிகவும் சௌகரியமாக இருந்தேன். முன்கண்ணாடி முழுதாக ஏறியிருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. இருக்கை என்னைத் தாங்கிய விதத்துக்கு அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் போலிருந்தது. என் பாட்டு எனக்குக் கேட்டது. அன்றைக்குக் காற்றே இல்லை என்று உண்மையிலேயே நம்பினேன். காதர் இடது தோளில் தட்டினான். கிட்டப் போனேன். மறுபடி தட்டினான். இன்னும் கிட்டப் போனேன். காதில் பந்தய வானொலி, கூட்டத்துக்கும் டேனியலுக்கும் இடைவெளி கூடுகிறது என்றது. பையனுக்கு இன்றைக்கு நல்ல கால் என்று எண்ணி இன்னொரு பாட்டு ஆரம்பித்தேன்.

சரணத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன். சாலையோரச் செம்பனை ஓலைகள் எல்லாம் எங்களை நோக்கித் தலைவாரிக்கொண்டு நின்றன. யாரோ வீசிய பிளாஸ்டிக் பை ஒன்று எதிரிலிருந்து சாலை நடுவில் ஓடி வந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். டேனியலின் தோள்கள் இறங்கியிருந்தன. அதற்கு முன்பு மலையில் காதோடு ஒட்டிக்கொண்டிருந்த தோள்கள். சட்டைகூடப் படபடக்கவில்லை. எங்கள் பெட்டிகளுக்கு நடுவில், காதரின் முதுகு முடிகிற இடத்தில், கோயில் பிராகாரத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி வந்துகொண்டிருந்தான்.

கட்டைவிரலால் முன்கண்ணாடியைக் கீழே இறக்கினேன்.

அறை விழுந்தது. எதிர்க்காற்று என்றால் அப்படியொரு எதிர்க்காற்று. பாட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தனை காற்றையும் நானும் மோட்டாரும் காதரும் மூன்று பேராக வாங்கி, பின்னால் வருபவனுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தோம். எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை. எனக்குத் தெரியக் கூடாது என்றுதான் அந்தக் கண்ணாடியைச் செய்தே விற்கிறார்கள்.

நீங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நடுவரின் மோட்டார் பின்னால் கூட்டத்தோடு இருந்தது. முன்னால் எங்களைத் தவிர யாருமில்லை. டிவியில் மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் டிவியில் காற்று தெரியாது. நான் எதையும் செய்யத் தேவையில்லை. வலது மணிக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் போதும். பையன் கெமாஸ் போய்ச் சேர்ந்துவிடுவான், திங்கட்கிழமை ஷிப்டுக்கு வேறு யாராவது போவார்கள். உதவிகளிலேயே சுலபமானது, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற உதவி. என்னைப் போன்ற சோம்பேறிக்கு அது எவ்வளவு பெரிய சபலம் என்று சொல்லத் தேவையில்லை.

பக்கக் கண்ணாடியில் டேனியல் தலையைத் தூக்கினான்.

"அண்ணே! அப்படியே இருங்க! அப்படியே!"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். மழையில் நனைகிறவன் குடையைப் பார்த்தால் ஒதுங்கத்தான் செய்வான். குடை பிடிக்கிறவனுக்குத்தான் புத்தி வேண்டும். யாராவது ஒருவர் பிறகு கேட்டால் தண்டனை டேனியலுக்கு. அவன் மிதித்து எடுத்த தூரமும் சேர்ந்து போய்விடும். பக்கவாட்டில் போகலாமென்றால் சாலை குறுகல். பின்னால் போனால் அவன் முதுகுதான் படத்தில் வரும், எதிரே ஏதாவது வந்தால் தடுக்கவும் ஆள் இருக்காது. மிச்சமிருந்தது ஒரே வழி. கைப்பிடியைத் திருகினேன்.

அந்த மோட்டாரின் திறனைப் பற்றி விளம்பரத்தில் சொன்னது அத்தனையும் உண்மை. மூச்சு இழுத்து விடுவதற்குள் நாங்கள் வெகுதூரம் போய்விட்டோம். போகிற அந்தக் கணத்தில் காற்று டேனியலின் முகத்தில் போய் மோதியதும், அவன் வாயைத் திறந்து என்னை ஒரு வார்த்தை சொன்னதும் காதரின் காமெராவில் அருமையாக, நெருக்கமாகப் பதிவானது. வார்த்தையில் என் தாயாருக்கும் இடமிருந்தது. ஆனால் மரியாதை குறையவில்லை. 'ஒங்க' என்றுதான் ஆரம்பித்தான்.

என் இடது தோளில் இடி இறங்கியது.

"அண்ணே! கிட்ட போங்கண்ணே! டைரக்டர் என் காதுல பேயாட்டம் ஆடுறாரு!"

"காத்து அடிக்குதுடா!"

"அடிச்சா அடிச்சிட்டுப் போவுது! எனக்கு மூஞ்சி வேணும்லா!"

"ஒனக்கு மூஞ்சி குடுத்தா அவனுக்கு எடம் போயிரும்!"

"யாருக்கு?"

"டேனியலுக்குடா! நம்ம முதுகுக்குப் பின்னால சொகமா வந்துக்கிட்டு இருந்தான்!"

 காதரின் காதுக்குள் இயக்குநர் கத்துவது, எனக்கே கொசு ரீங்கரிப்பது போலக் கேட்டது. பிறகு என் வலது தோளில் மெதுவாக ஒரு தட்டு விழுந்தது.

"அப்ப போங்க. அந்தாளு கத்துனா கத்தட்டும்."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் முடிவெடுத்தது பெரிய விஷயமில்லை, என் காதில் யாரும் கத்தவில்லை. காதுக்குள் ஒருவர் கெட்ட கெட்ட வார்த்தையாகக் கத்திக்கொண்டிருக்க, கையால் விலகு என்று தட்டினானே, அவன் வேலைதான் கஷ்டம். ஓட்டுகிறவருக்கு அரைப் புத்தி, பின்னால் இருப்பவருக்கு அரைப் புத்தி இருந்தால் போதும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாநில மக்களுக்கு நாங்கள் காட்டியது செம்பனைத் தோட்டம். நிறையச் செம்பனைத் தோட்டம். நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் டேனியல். வானொலியில் இடைவெளி குறைகிறது என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் குறைகிறது என்றார்கள். அவன் தனியாக அந்தக் காற்றைத் தின்றுகொண்டு வந்தான்.  சரியான காரியத்தைச் செய்துவிட்டால் மனசு இலேசாகிவிடும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். எழுதினவர்கள் யாரும் மோட்டார் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

அவ்வளவு முன்னால் போயிருந்ததால்தான் டிராக்டரைப் பார்த்தேன்.

தோட்டத்துச் செம்மண் பாதை ஒன்று சாலையில் வந்து சேரும் இடம். அங்கே கொடியோடு நிற்க வேண்டிய ஆளைக் காணவில்லை. கொடி மட்டும் ஒரு கல்லின் மேல் படுத்திருந்தது. பழக்குலை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு டிராக்டர் ஒன்று ஆடி ஆடி வந்து, மூக்கைச் சாலையில் நீட்டியது. அது முழுதாக வெளியே வந்து திரும்பினால் சாலை அடைந்துவிடும். டேனியல் அதன் மேல்தான் வந்து விழ வேண்டும்.

நான் அந்தப் பாதையின் வாயில் மோட்டாரைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தி ஹாரனை அழுத்தினேன். டிராக்டர்காரர் முண்டாசை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா நீ? எங்க தோட்டத்து ரோட்டுல நின்னுக்கிட்டு எங்களுக்கே ஹாரன் அடிக்கிற?"

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. சைக்கிள் வருது."

"சைக்கிளா? சைக்கிள் ஓரமா போவட்டும்லா. பழக்கொலை காஞ்சா ஃபாக்டரில ஏத்துக்க மாட்டான்."

"ஒரு சைக்கிள் இல்லண்ணே. பின்னாடி நூறு பேரு வர்றாங்க."

அவர் என் மோட்டாரை முன்னும் பின்னும் பார்த்தார். காதரைப் பார்த்தார். காமெராவைப் பார்த்தார்.

"நூறு பேரா? அம்புட்டுப் பேருமா சைக்கிளு? பாவம்லா, ஒனக்கு மட்டும் மோட்டாரு குடுத்திருக்காங்க."

இதற்குப் பதில் சொல்ல நான் காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் உருளைக் கற்கள். இப்படிப்பட்ட மோட்டார் ஓடும்போது இறகு, நிற்கும்போது இரும்புக் கடை. கால் டன்னுக்கு மேல் எடை, கூடவே காதர், அவனுக்குள் காலையில் சாப்பிட்ட ரொட்டி சானாய். ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் நிறுத்த யாராலும் முடியாது, கௌரவமாகக் கூடப் போகத்தான் முடியும். கூடப் போனேன். காதர் காமெராவை மட்டும் உயரப் பிடித்துக்கொண்டு, கும்பாபிஷேகக் குடம் சுமப்பவன்போல, புல்லில் மெதுவாக உட்கார்ந்தான். நேரடி ஒளிபரப்பில் ஆகாயம், செம்பனை உச்சி, பிறகு அவன் காலில் இருந்த சப்பாத்து.

அந்தச் சமயத்தில்தான் டேனியல் வந்தான். திறந்து கிடந்த சாலையில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு. எங்களைத் தாண்டும்போது ஒரு கண் திரும்பியது. அதில் இருந்தது அனுதாபம் என்று சொல்ல முடியாது. கடவுள் இருக்கிறார் என்று கண்டுகொண்ட பார்வை.

கொஞ்ச நேரத்தில் நூறு பேரும் சர்ரென்று போனார்கள். டிராக்டர்காரர் ஸ்டியரிங் மேல் கையை வைத்து அத்தனை பேரையும் பார்த்து முடித்தார். பிறகு இறங்கி வந்து, மோட்டாரைத் தூக்க ஒரு பக்கம் பிடித்தார்.

"முன்னாடி போனானே, ஒத்தையா ஒரு பையன், யாரு அவன்?"

"செனாவாங் பையன்."

"நம்ம ஆளா? மொதல்லயே சொல்லலாம்ல. நான் வண்டிய பின்னாடி எடுத்திருப்பேன்லா."

ஒரு பக்கக் கண்ணாடி போயிருந்தது. பெட்டியில் ஒரு நீளக் கீறல். நாங்கள் கெமாஸ் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டிருந்தார்கள். பந்தயத்தில் எப்போதும் முதலில் வரும் நான், அன்று பாதியில் கைவிட்டவர்களைப் பொறுக்கிக்கொண்டு வரும் வேனுக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். முதலில் வந்தவர்கள் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள். கோட்டுக்குச் சற்று முன்னால் டேனியலைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது டேனியல். நான்காவதாக, ஒரு சைக்கிள் நீளம் பின்னால், இன்னொரு கிளப்பைச் சேர்ந்த நெகிரி செம்பிலான் பையன்.

அந்த ஒரு சைக்கிள் நீளத்துக்காகத்தான் நடுவர் கூடாரத்தில் சத்தம். அந்தக் கிளப்பின் மேலாளர், சிவப்புச் சட்டைக்காரர், என்னைக் கண்டதும் விரலை நீட்டினார்.

"இந்த மோட்டார்தான்! நான் டிவில பாத்தேன்லா! பெரிய மூஞ்சி, அவ்ளோ கிட்ட! மோட்டார் இழுத்துக்கிட்டு வந்து விட்டுருக்கு. அவன எடுங்க லிஸ்ட்டுலேர்ந்து!"

டேனியல் ஒரு மூலையில் தண்ணீர்ப் போத்தலைப் பிசைந்துகொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு நடுவரைப் பார்த்தார். நடுவர் ஒரு மலாய் அம்மா. கழுத்தில் விசில், முகத்தில் ஒன்றுமில்லை. என்னிடம் மலாயில் கேட்டார்: கிட்ட இருந்தாயா?

இருந்தேன் புவான் என்று மரியாதையாகச் சொன்னேன். மலையில் இருந்தேன், பிறகு பஹாவ் தாண்டியும் கொஞ்ச தூரம் இருந்தேன், காற்று தெரியவில்லை, தெரிந்ததும் விலகிவிட்டேன். சிவப்புச் சட்டைக்காரர் "பாத்தீங்களா, அவரே சொல்றாரு!" என்று துள்ளினார். டேனியலின் கையில் போத்தல் நசுங்கியது.

நடுவர் காதரிடம் கையை நீட்டினார். படம்.

காதர் நான் அதுவரை பார்க்காத ஒரு காரியம் செய்தான். வெட்கப்பட்டான்.

"புவான், வேணாம் புவான். ரொம்ப அசிங்கமா இருக்கும். என் தொழில்லயே கேவலமான படம்."

அவர் கையை எடுக்கவில்லை. எல்லோரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றிக் கூடினோம். டேனியல் பின்னால் வந்து ஒட்டுவது தெரிந்தது. கொஞ்ச தூரம் அப்படியே வருகிறான். பிறகு அவன் கத்துகிறான், படம் அவனை விட்டு ஓடுகிறது. அதற்கப்புறம் செம்பனை, சாலை, புள்ளி. ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தன. புள்ளி, செம்பனை, புள்ளி. கூடாரத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். பிறகு டிராக்டர், ஆகாயம், சப்பாத்து. யாரோ சிரிக்க, பயிற்சியாளர் சிரிக்க, கடைசியில் சிவப்புச் சட்டைக்காரரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை பார்த்தார். இத்தனை நேரம் மோட்டாரின் பின்னால் இருந்திருந்தால் இவ்வளவு கேவலமான படம் வந்திருக்காது என்றார். மோட்டார்க்காரருக்கு எச்சரிக்கை, பந்தய முடிவு அப்படியே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பயிற்சியாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்து டேனியலின் தோளில் வைத்தார்.

"திங்கக்கெழம ட்ரெய்னிங். லேட்டா வராத."

டேனியல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிற்பாடு, புதிதாக வந்த சில பேர் என்னிடம், அவ்வளவு நல்ல முன்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஏன் எப்போதும் இறக்கியே ஓட்டுகிறீர்கள், முகமெல்லாம் பூச்சியாக இருக்கிறதே என்று கேட்டதுண்டு. நீங்களும் கேட்பீர்கள் என்பதால்தான் இவ்வளவும் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். இருக்கையையும் வேண்டுமானால் சூடேற்றிக்கொள்ளுங்கள். பின்னால் ஒருவன் மிதித்துக்கொண்டு வரும்போது மட்டும் காற்று உங்கள் முகத்திலும் படட்டும்.

கெமாஸில் நாங்கள் கிளம்பும்போது டேனியல் ஓடி வந்தான். கையில் தொலைபேசி.

"அண்ணே, ரோட்டுல ஒண்ணு சொல்லிட்டேன்..."

"காத்துல ஒண்ணும் கேக்கலடா."

"ஒங்களுக்குக் கேக்கல. அம்மாவுக்குக் கேட்டுருச்சு."

"டிவில சத்தமே வராதேடா, வெறும் காத்துதானே வரும்?"

"அம்மா ஃபாக்டரில மெஷின் சத்தத்துலயே காலம் தள்ளுனவங்கண்ணே. ஒதட்டப் பாத்தே படிச்சிருவாங்க. எடம் கெடச்சிருச்சும்மான்னு சொல்றேன், அத வுட்டுட்டு, மொதல்ல அவர்கிட்ட குடுன்னு நிக்கிறாங்க." தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டு, காதரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அன்றைக்கு இரண்டாவது தடவை.

"வணக்கம்மா" என்றேன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி வளத்த புள்ளண்ணே அவன்." குரலில் இருந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. "உண்மையச் சொல்லுங்க. ஒங்களையா அப்படிச் சொன்னான்?"

"என்னை இல்லம்மா. எதிர்க்காத்து பயங்கரம். காத்தத்தான் திட்டினான்."

அந்தப் பக்கம், அவருக்குப் பின்னால் டிவியில் ஏதோ விளம்பரம் ஓடியது.

"சரிண்ணே," என்றார் அந்த அம்மா. "காத்துக்கு ஏதுண்ணே அம்மா?"